கடற்கருவிகளின் பாஷை யாருக்குச் சொந்தம்?

மீன்பிடி படகுகளுக்குச் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பவும் பெறவும் கூடிய கருவியை இலவசமாகப் பொருத்தித் தரும் திட்டத்தை, 2024 ஆகஸ்டு 30-ந் தேதி மஹாராஷ்டிர ராஜ்யத்துப் பால்கரில் பிரதம மந்திரி தொடங்கி வைத்தார். பதின்மூன்று கடலோர ராஜ்யங்களிலும் யூனியன் பிரதேசங்களிலுமாக ஒரு லக்ஷம் படகுகள். அதற்கு ஒதுக்கிய பணம் 364 கோடி ரூபாய். கருவியை உருவாக்கியவர்கள் நமது விண்வெளி ஆராய்ச்சி ஸ்தாபனத்தார். செய்தியை ஏந்திச் செல்வதும் நமது ஜிஸாட்-6 செயற்கைக்கோளே. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் எழுந்தபோது, கன்னியாகுமரி ஜில்லாவின் கடற்கரைக் கிராமங்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்கு ஒரு வார்த்தை எட்டச் செய்யக் கரையிலிருந்தவர்கள் பட்ட பாட்டை மறவாத எவரும் இத்திட்டத்தைக் குறை கூறத் துணியார். நாமும் அதை மனப்பூர்வமாக வரவேற்கிறோம்.

ஆனால், இத்திட்டத்தைப் பற்றி நடக்கும் பேச்சுக்களில் ஒரு கேள்வி மட்டும் எழக் காணோம். படகில் ஏற்கெனவே இருக்கும் கருவிகளோடு இந்தப் புதிய கருவி பேசுமா? அக்கருவிகளாவது தமக்குள் ஒன்றோடொன்று பேசுகின்றனவா? பேசினால் எந்தப் பாஷையில் பேசுகின்றன? அந்தப் பாஷையின் இலக்கணத்தை எழுதுபவர் யார், விற்பவர் யார்? இது ஏதோ மெக்கானிக்குகள் பார்த்துக்கொள்ள வேண்டிய சில்லறை விஷயம் என்று நினைப்பவர்கள் நம் தேச சேவகர்களிலும் இருக்கக்கூடும். நாம் அப்படிக் கருதவில்லை. உயிரும் உடைமையும் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதோடு, சொந்தக் கடலில் நாம் யாரை நம்பிப் படகு விடுகிறோம் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது.

நம் பரதவர்கள் கரையிலுள்ள மலைமுகட்டையும் கோயில் கோபுரத்தையும் நேர்க்கோட்டில் வைத்துப் பார்த்து, கடலடியில் கிடக்கும் பாரின் இடத்தைத் தவறாமல் கண்டுபிடித்த காலம் ஒன்று உண்டு. கரை கண்ணுக்கு மறைந்தபின் நக்ஷத்திரமும் நீரோட்டமும் காற்றும் வழி காட்டின. இன்று ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகின் சுக்கான் அறைக்குள் நுழைந்து பார்ப்பவர், சுவரில் வரிசையாகப் பெட்டிகளைக் காண்பார். இடத்தைக் காட்ட ஜி.பி.எஸ். ஒன்று, ஆழத்தையும் மீன் கூட்டத்தையும் காட்ட எக்கோ சவுண்டர் ஒன்று, பேசுவதற்கு வயர்லெஸ் ஒன்று, தன் இருப்பைப் பிற கப்பல்களுக்கு அறிவிக்க ஏ.ஐ.எஸ். என்ற பெட்டி ஒன்று. அவற்றோடு இப்போது சர்க்கார் தரும் புதிய கருவியும் சேர்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மின்சாரக் கம்பி, தனித்தனி ஆன்டெனா, தனித்தனித் திரை. ஒன்றுக்குத் தெரிந்தது மற்றொன்றுக்குத் தெரியாது. ஜி.பி.எஸ். திரையில் தெரியும் எண்களைக் கண்ணால் படித்து, வாயால் வயர்லெஸில் சொல்லிப் பெட்டிகளை இணைக்கும் கம்பியாக இருப்பவர் படகோட்டியே. காற்றும் மழையும் அடித்து, இயந்திர அறையில் தண்ணீர் ஏறும்போதும் அவரே அந்தக் கம்பியாக இருக்க வேண்டும்!

இதன் ஆபத்தை விளங்கச் செய்ய ஓர் உதாரணம் போதும். புதிய ரக வயர்லெஸ் பெட்டிகளில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. ஆபத்துக் காலத்தில் அதை அழுத்திப் பிடித்தால், படகின் அடையாள எண்ணும் அது நிற்கும் இடமும் சுற்றுப்புறத்திலுள்ள கப்பல்களுக்கும் கரை நிலையத்துக்கும் தாமாகவே போய்ச் சேரும். ஆனால் இடம் இன்னதென்பது வயர்லெஸுக்கு எப்படித் தெரியும்? உள்ளேயே ஜி.பி.எஸ். வைத்த விலையுயர்ந்த பெட்டியாக இருக்க வேண்டும்; இல்லையேல் ஜி.பி.எஸ். கருவியிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகளை இழுத்து வயர்லெஸின் பின்புறம் முடிந்திருக்க வேண்டும். அந்த இரண்டு கம்பி இல்லாவிட்டால், 'காப்பாற்றுங்கள்' என்ற கூக்குரல் மாத்திரம் போகும். எங்கே வந்து காப்பாற்றுவது என்பது போகாது. அமெரிக்கா போன்ற செல்வ தேசத்திலேயே நிலைமை என்ன? தங்களுக்கு வந்த இத்தகைய அபாய அறிவிப்புகளில் சுமார் நூற்றுக்குத் தொண்ணூற்றில் இடம் குறிப்பிடப்படவில்லை என்று அந்நாட்டுக் கடலோரக் காவற்படையார் 2010-ல் வெளியிட்ட எச்சரிக்கையில் தெரிவித்தார்கள். நூற்றுக்கு அறுபதில் பதிவு செய்த அடையாள எண்கூட இல்லையாம். கருவி வாங்கப் பணம் இருந்தது. இரண்டு கம்பிகளை முடியத்தான் ஆளில்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி கம்பிக்கு நிறம் வைத்ததால், எந்தக் கம்பியை எதோடு முடிவது என்பது வாங்கியவருக்கு விளங்கவில்லை.

இனி, பாஷையைப் பற்றிச் சொல்வோம். அமெரிக்காவில் கடற்கருவி வியாபாரிகள் 1957-ல் கூடி நிறுவிய சங்கம் ஒன்று உண்டு. அதன் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து என்.எம்.இ.ஏ. என்பார்கள். அது 1983-ல் வெளியிட்ட '0183' என்ற விதிதான், இன்றும் உலகத்துப் படகுகளில் பெரும்பாலானவற்றின் கருவிகள் அறிந்த பொதுப் பாஷை. அதன் அமைப்பு மிகவும் எளியது. ஒரு கருவி பேசும், மற்றவை கேட்கும். வாக்கியங்கள் பொதுவாக டாலர் குறியில் தொடங்கும். முதல் இரண்டு எழுத்துக்கள் பேசுவது யார் என்பதையும், அடுத்த மூன்றெழுத்து பேசப்படும் விஷயம் எது என்பதையும் சொல்லும். பிறகு நேரம், அக்ஷாம்சம், ரேகாம்சம், வேகம், திசை என்று விவரங்கள் காற்புள்ளிகளால் பிரிந்து வரும். கடைசியில் நக்ஷத்திரக் குறியும், வழியில் எழுத்து எதுவும் சிதையவில்லை என்று சரிபார்க்கும் ஓர் எண்ணும் நிற்கும். ஒரு வாக்கியம் 82 எழுத்துக்களுக்கு மேற்படாது. வினாடிக்குச் சுமார் 480 எழுத்துக்களே அந்தக் கம்பியில் ஓடும். இன்றைய கைப்பேசிகளோடு பார்த்தால் இது மாட்டுவண்டி வேகம். ஆனால் மாட்டுவண்டியை எந்த ஊர்த் தச்சனும் பழுது பார்ப்பான் அல்லவா? இந்தப் பாஷையும் அப்படித்தான். சாதாரணக் கம்ப்யூட்டர் ஒன்றில் அதை எழுத்தெழுத்தாகப் படிக்கலாம். பத்து வரி பார்த்தவன் பதினோராவது வரியைத் தானே புரிந்துகொள்வான்.

குறைகளும் உண்டு. ஒரு ஜோடிக் கம்பியில் ஒரு கருவிதான் பேசலாம். இரண்டு பேசினால் சந்தைக் கூச்சலாகிவிடும். அதைத் தடுக்க நடுவில் ஒரு பெட்டி வைத்து, வாக்கியங்களை வரிசைப்படுத்தி அனுப்ப வேண்டியிருந்தது. ஆகவே, மோட்டார் கார்களுக்காக ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1980-களில் வகுத்த கேன் என்ற முறையைத் தழுவி, அதே சங்கத்தார் 'என்.எம்.இ.ஏ. 2000' என்பதைக் கொண்டு வந்தார்கள். இதில் படகின் நீளத்துக்கு ஒரே முதுகெலும்புக் கம்பி ஓடும். அதன் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை வைத்து அடைத்துவிட வேண்டும். நடுவில் வேண்டிய இடத்தில் கிளை எடுத்து ஐம்பது கருவிகள் வரை மாட்டலாம். மின்சாரமும் அதே கம்பியில் வரும். யார் வேண்டுமானாலும் பேசலாம். முக்கியமான செய்தி முந்திக்கொள்ளும். வேகம் பழைய கம்பியைப்போல் ஐம்பது மடங்குக்கும் அதிகம். வித்தையாகப் பார்த்தால் நல்ல வித்தை என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் இங்கேதான் வியாபார தந்திரமும் நுழைந்தது. இந்தப் புதிய பாஷையின் இலக்கணப் புஸ்தகம் எவரும் எடுத்துப் படிக்கக் கூடியதன்று. பெரும் விலை கொடுத்து வாங்க வேண்டும். வாங்கியவர் அதை வெளியே சொல்லலாகாது. போதாததற்கு, பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு குடும்பப் பாஷையும் வைத்திருந்தன. சீடாக் என்பது ஒன்று. சிம்நெட் என்பது மற்றொன்று. உள்ளே ஓடுவது ஏறக்குறைய ஒரே முறையாக இருந்தாலும், கம்பி நுனியிலுள்ள மாட்டியின் வடிவத்தை மாற்றி வைத்து, மற்றக் கம்பெனியின் கருவி சேராதபடி செய்தவர்களும் உண்டு. ரேடார் விஷயத்திலோ, ஒரு கம்பெனியின் ரேடாரை வாங்கினால் பெரும்பாலும் அதே கம்பெனியின் திரையையும் வாங்கியே தீரவேண்டும். திரை பழுதானால் ரேடாரும் இரும்புக் கடைக்குத்தான்! முதலில் ஒரு கருவியை விற்று, பிறகு வாழ்நாள் முழுதும் வாடிக்கைக்காரனைக் கட்டிப்போடும் இந்த உபாயத்துக்கு ஆங்கிலத்தில் எத்தனையோ நாகரிகப் பெயர்கள் இருக்கலாம். தமிழில் இதற்குக் கொத்தடிமை என்று பெயர்.

அந்நிய தேசங்களிலேயே இதைச் சகியாதவர்கள் தோன்றினார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. கம்பியில் ஓடும் செய்திகளை இரவு பகலாகப் பதிவு செய்து, சுக்கானைத் திருப்பினால் எந்த எண் மாறுகிறது, ஆழம் குறைந்தால் எந்த எண் குறைகிறது என்று பார்த்துப் பார்த்து, புஸ்தகத்தை வாங்காமலே இலக்கணத்தை மீட்டெடுத்தார்கள். இவ்வாறு கண்டதை 'கேன்போட்' என்ற பெயரில் உலகத்துக்குப் பகிரங்கமாக வழங்கினார்கள். அவர்களைப் போன்றவர்களே பின்னர் 'சிக்னல் கே' என்ற திறந்த பாஷையையும் அமைத்தார்கள். பழைய 0183 கம்பியும் புதிய 2000 கம்பியும் சொல்வதை ஒருமுகப்படுத்தி, சாதாரணக் கைப்பேசியே படிக்கக்கூடிய எழுத்து வடிவில் அது தருகிறது. ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர் அதற்குப் போதும். கடல் வரைபடத்தைத் திரையில் காட்ட ஓப்பன் சி.பி.என். என்ற இலவச மென்பொருளும் இருக்கிறது. எவரும் காசு கேட்கவில்லை. எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

இவ்வளவும் சொன்னபின், இணைப்பு என்றாலே நன்மை என்று நாம் வாதிப்பதாக எவரும் எண்ண வேண்டாம். இணைத்த கருவிகள் ஒன்றையொன்று கண்மூடி நம்பினால் என்ன நேரும் என்பதற்குக் கப்பற் சரித்திரத்தில் பிரசித்தமான சாக்ஷி ஒன்று இருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். நம் அதிகாரிகள் டெண்டர் எழுதுமுன் அதைப் படித்தால் க்ஷேமம்.

1995 ஜூன் 9-ந் தேதி நண்பகல் பெர்முடாத் தீவிலிருந்து 'ராயல் மெஜஸ்டி' என்ற உல்லாசப் பிரயாணக் கப்பல் பாஸ்டன் துறைமுகத்துக்குப் புறப்பட்டது. அதில் 1,509 பேர் இருந்தார்கள். புறப்பட்டு ஒரு மணி நேரத்துக்குள் ஜி.பி.எஸ். ஆன்டெனாவின் கம்பி கழன்றுவிட்டது. செயற்கைக்கோளின் குரல் நின்றுபோனதும், ஜி.பி.எஸ். கருவி தன்னிடமிருந்த வேகத்தையும் திசையையும் வைத்து, 'இப்போது இங்கே இருக்கலாம்' என்று கணக்குப் போட ஆரம்பித்தது. தான் கணக்குத்தான் போடுகிறேன் என்பதை அது மறைக்கவில்லை. ஒரு வினாடி நேரம் கூவியது. திரையின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதிக் காட்டியது. கம்பியில் அனுப்பிய செய்தியிலும் 'இது செல்லத்தக்கதன்று' என்ற அடையாளத்தை வைத்தே அனுப்பியது. ஆனால் சுக்கானைத் தானாகத் திருப்பும் இயந்திரத்துக்கு அந்த அடையாளத்தைப் படிக்கக் கற்றுக்கொடுக்கப்படவில்லை. ஜி.பி.எஸ். செய்த கம்பெனி ஒன்று, சுக்கான் இயந்திரம் செய்த கம்பெனி மற்றொன்று. பாஷை ஒன்றாக இருந்தும், அந்த ஓரெழுத்தின் பொருளை ஒருவர் சொல்ல மற்றவர் கேட்கவில்லை.

இதைவிட விபரீதம் ஒன்று உண்டு. சுக்கான் இயந்திரம் ஜி.பி.எஸ். சொல்லும் இடத்தைச் சோதிக்காமலிருக்கவில்லை. தான் தனியாகப் போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டேயிருந்தது. இரண்டும் ஒத்துப்போயின, ஆகவே அபாய மணி அடிக்கவில்லை. ஏன் ஒத்துப்போயின? இரண்டுமே ஒரே வேகத்தையும் திசையையும் கொண்டு போட்ட வெறுங் கணக்குகள். காற்றும் நீரோட்டமும் கப்பலை மேற்கே தள்ளிக்கொண்டுபோனது இரண்டுக்குமே தெரியாது. பொய்ச் சாக்ஷி சொன்னவனையே மறு சாக்ஷியாகவும் கூப்பிட்டு விசாரித்த கதை இது. கப்பலில் லோரான் என்ற வேறொரு இடங்காட்டும் கருவி தனியே சரியாக வேலை செய்துகொண்டிருந்தது. அதை அதிகாரிகள் ஜி.பி.எஸ்ஸோடு ஒப்பிடவில்லை. ஆழம் குறைந்தால் கூவவேண்டிய கருவியில் எச்சரிக்கை அளவு பூஜ்யம் மீட்டரில் வைக்கப்பட்டிருந்தது. அருகிலிருந்த மீன்பிடி படகுகள் வயர்லெஸில் எச்சரிக்க முயன்றன. கப்பல் பதில் கொடுக்கவில்லை. சுமார் 34 மணி நேரம் இவ்வாறு ஓடிய கப்பல், ஜூன் 10-ந் தேதி இரவு 10 மணி 25 நிமிஷத்துக்கு நான்டக்கெட் தீவின் கிழக்கே மணல்திட்டில் ஏறி நின்றது. செல்லவேண்டிய பாதையிலிருந்து 17 மைல் விலகியிருந்தது. தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் இல்லை. கப்பலுக்குச் சேதமும் வருமான நஷ்டமுமாக 70 லக்ஷம் டாலர் என்று விசாரித்த சபையார் கணித்தார்கள்.

இணைப்பின் பாஷை ஒளிவின்றி இருந்தால் மட்டும் போதாது. ஐயத்தைத் தெரிவிக்கும் சொல்லும் அதில் இருக்கவேண்டும், கேட்பவனும் அச்சொல்லைக் கேட்க வேண்டும் என்பதே அந்த விபத்தில் நாம் காண்பது. பின்வந்த திருத்தங்களில் 0183 பாஷையார், 'இது செயற்கைக்கோளிடம் கேட்டது', 'இது மதிப்பீடு', 'இது செல்லாது' என்று பிரித்துக் காட்டும் தனி எழுத்தையும் சேர்த்தார்கள். இருந்தும், எழுத்தைச் சேர்ப்பது ஒன்று. அதைக் கண்டதும் கூவும்படி கருவியைச் செய்வது வேறொன்று. அந்த எழுத்தை உண்மையிலேயே படிக்கிறதா என்று, வாங்கும் ஒவ்வொரு கருவியையும் ஆன்டெனாக் கம்பியைப் பிடுங்கிவிட்டுச் சோதித்துப் பார்ப்பது ஐந்து நிமிஷ வேலை.

இச்சோதனைக்கு இப்போது முன்னைவிட அவசியம் அதிகம். 2025 மே மாதத்தில் செங்கடலில் ஜெட்டாவுக்கு அருகே 'எம்.எஸ்.சி. அன்டோனியா' என்ற சரக்குக் கப்பல் தரைதட்டியதற்கு, யாரோ ஜி.பி.எஸ். குரலைக் குழப்பியதே காரணம் என்று சந்தேகிக்கப்படுகிறது. யுத்தம் நடக்கும் கடல்களில் பொய்யான செயற்கைக்கோள் குரலைப் பரப்புவது சகஜமாகிவிட்டது. ஒரே ஜி.பி.எஸ். சொல்வதை எல்லாக் கருவிகளும் கேட்கும் படகில், அந்தப் பொய் எல்லாத் திரைகளிலும் ஒரே நிமிஷத்தில் உண்மையாகிவிடும். இதற்கு மாற்று, வேறு வேறு வழியில் அறியும் இரண்டு சாக்ஷிகளை வைத்து ஒப்பிடுவதே. நமது நாவிக் செயற்கைக்கோள்கள் அத்தகைய சாக்ஷி ஆகலாம். 2020 நவம்பரில் சர்வதேசக் கடல்சார் ஸ்தாபனம் அதை உலக வழிகாட்டும் முறைகளில் ஒன்றாக அங்கீகரித்தது. நாவிக் இன்னும் பூரண பலத்தோடு இல்லை என்பதையும் ஒளிக்க வேண்டியதில்லை. முதல் செயற்கைக்கோளில் வைத்திருந்த அணுக்கடிகாரங்கள் மூன்றும் ஸ்விட்ஸர்லாந்திலிருந்து தருவித்தவை. மூன்றும் 2016-ல் நின்றுபோயின. அதன்பின் சுதேசிக் கடிகாரம் செய்யப்பட்டு, 2023 மே மாதம் என்.வி.எஸ்-01 செயற்கைக்கோளில் ஏறியது. 2025 ஜனவரியில் ஏவிய அதன் தம்பியோ உரிய பாதையை எட்டவில்லை. எனினும், செயற்கைக்கோளைப் பறக்கவிட்டு, அது சொல்வதைப் படகிலுள்ள மற்றக் கருவிகளுக்கு எடுத்துச் செல்லும் கம்பியின் பாஷையை அந்நியனிடம் விலைக்கு வாங்குவது, மாளிகை கட்டி வாசற்சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைப்பதாகும்.

சாவி பிறர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதைத் தூத்துக்குடி கண்டிருக்கிறது. 1906-ல் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவியபோது அதற்குச் சொந்தக் கப்பல் இல்லை. வாடகைக்குப் பேசிய கப்பலை, பிரிட்டிஷ் இந்தியக் கம்பெனியார் கப்பற்சொந்தக்காரரை நிர்ப்பந்தித்துப் பறித்தார்கள். அதன் பிறகே 'காலியா', 'லாவோ' என்ற கப்பல்கள் விலைக்கு வாங்கப்பட்டன. இந்த விஷயத்தில் வாடகைக் கப்பலுக்கும் மூடிய பாஷைக்கும் பெரிய வித்தியாசத்தை நாம் காணவில்லை.

சர்க்கார் தரப்பில் பாதுகாப்பைக் காரணங் காட்டுவார்கள் என்பது நமக்குத் தெரியும். 2008 நவம்பரில் பம்பாயைத் தாக்கியவர்கள் 'குபேர்' என்ற மீன்பிடி படகைக் கடத்தி, ஜி.பி.எஸ். துணையோடு வந்தவர்கள். அது முதற்கொண்டு, ஒவ்வொரு படகும் எங்கிருக்கிறது என்று அறிய அதிகாரிகள் ஆசைப்படுவது நியாயமே. ஆனால் படகைக் கரையிலிருந்து பார்ப்பது ஒன்று. படகோட்டி தன் சுற்றுப்புறத்தைப் பார்ப்பது வேறு. திரையில்லாத ஏ.ஐ.எஸ். பெட்டி முதற்காரியத்தைச் செய்கிறது, இரண்டாவதைச் செய்வதில்லை. 'நான் இங்கே இருக்கிறேன்' என்று அது கூவிக்கொண்டிருக்கும். இருட்டில் நேரே வரும் சரக்குக் கப்பலின் பெயரும் வேகமும் திசையும் அந்தப் பெட்டிக்குள்ளேயே வந்து சேர்ந்திருக்கும். படகோட்டிக்கு மட்டும் தெரியாது. அதன் பின்புறத்திலிருந்து கம்பி இழுத்து ஒரு திரையில் மாட்டினால், எந்தக் கப்பல் எத்தனை நிமிஷத்தில் எவ்வளவு நெருக்கமாகக் கடக்கும் என்பது தெரிந்துவிடும். 2021 ஏப்ரலில் மங்களூருக்கு அப்பால், சிங்கப்பூர்க் கொடி தாங்கிய 'ஏ.பி.எல். லீ ஹாவர்' கப்பலும் பேப்பூரிலிருந்து போன 'ரபா' என்ற படகும் நள்ளிரவில் மோதின. படகிலிருந்த பதினால்வரில் இருவரே உயிரோடு மீட்கப்பட்டார்கள். மாண்டவர்களில் தமிழ்நாட்டாரும் இருந்தார்கள். அவ்விபத்தில் தவறு யாருடையது என்ற ஆராய்ச்சியில் நாம் புகவில்லை. இரவில் கப்பற் பாதையைக் கடந்து தொழில் செய்பவர்களுக்கு, வரும் கப்பலைக் காட்டாமல் அவர்களை மட்டும் கரைக்குக் காட்டும் கருவி அரைக் கருவிதான் என்பதே நம் வாதம்.

பாஷையைப் பகிரங்கப்படுத்தினால் பகைவனும் கற்றுக்கொள்வானே என்ற ஆட்சேபத்துக்கும் விடை சொல்லிவிடுகிறோம். செயற்கைக்கோளுக்குப் போகும் செய்தியைப் பூட்டி வைக்கட்டும். பூட்டின் சாவி ரகசியமாகவே இருக்கட்டும். ஒரே படகுக்குள் ஒரு பெட்டி மற்றொரு பெட்டியிடம், 'ஆழம் பன்னிரண்டு பாகம்' என்று சொல்வதில் என்ன ராஜ்ய ரகசியம் இருக்கிறது? மூடிவைத்த இலக்கணத்தை ஆர்வமுள்ள சிலர் சில வருஷங்களில் படித்துவிட்டதை மேலே சொன்னோம். அதனால் தடுக்கப்படுகிறவன் பகைவனல்லன். காசிமேட்டிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் கையில் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்திருக்கும் நம்மூர் மெக்கானிக்தான்.

ஆகவே மத்திய சர்க்காரும் சென்னை சர்க்காரும் சில காரியங்களைத் தாமதமின்றிச் செய்யவேண்டும் என்று வற்புறுத்துகிறோம். ஜனங்களின் பணத்தில் கொடுக்கப்படும் கருவி கைப்பேசியோடு எந்த வடிவில் பேசுகிறது என்ற விவரம் முழுதும் அச்சிட்டு, எவருக்கும் இலவசமாகக் கிடைக்கவேண்டும், தமிழிலும் கிடைக்கவேண்டும். அக்கருவி அறிந்த இடத்தை 0183 பாஷையில் வயர்லெஸுக்கும் திரைக்கும் கொடுக்கும்படி இரண்டு கம்பி வெளியே வரட்டும். மானியம் பெறும் எக்கோ சவுண்டரோ ரேடாரோ, தன் பாஷையை ஒளிக்கும் ஜாதியைச் சேர்ந்ததாயின் மானியம் கிடையாது என்று சொல்லிவிட வேண்டும். இந்த ஒரு நிபந்தனையைக் கண்டால் எந்தப் பெருங் கம்பெனியும் வழிக்கு வரும். பெரிய சந்தையை இழக்க வியாபாரி துணியமாட்டான். கம்பிகளுக்கு ஒரே நிறமும் ஒரே மாட்டியும் விதிப்பதற்குச் செலவே இல்லை.

இதில் கஷ்டமான பகுதி கருவியன்று, கை. உப்புக்காற்று ஆறு மாதத்தில் எந்த இணைப்பையும் பச்சை பூக்கச் செய்துவிடும். தகரம் பூசிய செப்புக் கம்பி எது, சாதாரண வீட்டுக் கம்பி எது, முனையில் மின்தடை வைக்க மறந்தால் என்ன கோளாறு வரும், இரண்டு கருவியின் தரைக் கம்பிகள் ஒவ்வாவிட்டால் எக்கோ சவுண்டரில் ஏன் கோடு விழுகிறது என்பனவற்றை அறிந்த ஆள் ஒவ்வொரு துறைமுகத்திலும் இருக்கவேண்டும். கடலோர ஐ.டி.ஐ.க்களில் மோட்டார் மெக்கானிக் வகுப்பு நடக்கும்போது, இதற்கு ஒரு வகுப்பு வைப்பது அசாத்தியமல்ல. மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் தம் உறுப்பினரின் பிள்ளைகளை அதற்கு அனுப்பலாம். படகு பதிவைப் புதுப்பிக்க வரும்போது இயந்திரத்தைப் பார்ப்பதுபோல், சிவப்புப் பொத்தானுக்கு இடம் தெரியுமா என்றும் பார்க்கலாம்.

இவற்றில் எதற்கும் புதிய சட்டம் வேண்டியதில்லை. மீன்வளத் துறையார் அடுத்த முறை கருவி கொள்முதலுக்கு டெண்டர் கோரும்போது, நிபந்தனைகளில் இரண்டு வரி சேர்த்தால் போதும். கடலோரத் தொகுதிகளின் பிரதிநிதிகள், கட்சி பேதமின்றி, அந்த இரண்டு வரி சேர்ந்திருக்கிறதா என்று சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் கேட்பார்களாக.